ஏ.சி.சி.யா, பிக் டென்னா? அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கைப்பந்தில் எந்தக் கான்பரன்ஸ் பலமானது

வாசகர் கேள்வி, 11 நவம்பர் 2024

இந்த ஆண்டு ஏ.சி.சி. என்ற கான்பரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழக அணிகளின் குழு) பிக் டென் கான்பரன்ஸைத் தாண்டிவிட்டது. ஏ.சி.சி.யின் எஸ்.எம்.யூ. பிக் டென்னின் நெப்ராஸ்காவை நேர் செட்களில் வீழ்த்தியது. பிட்ஸ்பர்க் பென் ஸ்டேட்டை வீழ்த்தியது. லூயிவில் விஸ்கான்சினை வீழ்த்தியது. இன்னும் என்ன சான்று வேண்டும்? பிக் டென்தான் நாட்டிலேயே பலமானது என்று வர்ணனையாளர்கள் சொல்வது வெறும் பழக்கதோஷம்.

11 நவம்பர், இரவு

நீங்கள் அடுக்கியவை எல்லாம் நடந்தவைதான். செப்டம்பரில் நெப்ராஸ்கா லூயிவிலை வீழ்த்தியது மட்டும் பட்டியலில் இல்லை. தற்செயலாக விட்டுப்போனதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தேதிகளைக் கவனியுங்கள். எல்லாம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். அதன்பின் ஏ.சி.சி. அணிகள் ஏ.சி.சி. அணிகளோடும், பிக் டென் அணிகள் பிக் டென் அணிகளோடும் மட்டுமே ஆடிக்கொண்டிருக்கின்றன. இப்போது நவம்பர் பாதி. இந்த இரண்டு மாதங்களில் இரு கான்பரன்ஸ்களையும் ஒப்பிடப் புதிதாக ஒரு தகவலும் வரவில்லை. நாம் சண்டை போடுவது செப்டம்பரின் மிச்சத்தை வைத்து.

12 நவம்பர்

நேற்று சுருக்கமாகச் சொன்னதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு கையில் வைத்திருக்கும் கணக்கே இதில்தான் நிற்கிறது.

பிக் டென்னில் இப்போது 18 அணிகள். ஒவ்வொன்றும் கான்பரன்ஸுக்குள் 20 ஆட்டம் ஆடுகிறது. ஆக மொத்தம் 180 ஆட்டங்கள், 180 வெற்றிகள், 180 தோல்விகள். கான்பரன்ஸ் உலகத்திலேயே சிறந்ததாக இருந்தாலும், படுமோசமாக இருந்தாலும், உள் ஆட்டங்களின் சராசரி வெற்றி விகிதம் .500தான், அதாவது சரிபாதி. சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்குப் பணத்தை மாற்றினால் ஆள் பணக்காரனாகிவிட மாட்டான். கான்பரன்ஸுக்கு மதிப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அந்த வரவு நடப்பது முதல் நான்கு வாரங்களில்.

குழு கையில் வைத்திருக்கும் அந்தக் கணக்கு, ஆர்.பி.ஐ., எப்படிப் போடப்படுகிறது என்று தெரியாதவர்களுக்கு: அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25 சதவீதம். நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பது கால் பங்கு. யாரோடு ஆடினீர்கள் என்பது முக்கால் பங்கு. மூன்று செட்டில் நசுக்கினாலும், ஐந்தாவது செட்டில் 15-13 என்று தப்பிப் பிழைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

செப்டம்பரில் ஒரு கான்பரன்ஸின் நடுத்தர அணிகள் எளிதான எதிரிகளைத் தேடிப் பிடித்து வெற்றிகளைக் குவித்துவிட்டால், அக்டோபரிலிருந்து அந்த வெற்றி விகிதங்களை எல்லா உறுப்பினர்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாருமே யாரையும் உருப்படியாக வென்றிருக்க வேண்டியதில்லை.

12 நவம்பர், சற்று நேரம் கழித்து

எண் கேட்டவருக்கு. கற்பனை அணி ஒன்று: 20 வெற்றி, 5 தோல்வி. எதிரணிகளின் சராசரி .600, அவற்றின் எதிரணிகள் .550. ஆர்.பி.ஐ. .6375.

இந்த அணி அடுத்து, 3 வெற்றி 22 தோல்வி என்று கிடக்கும் அணியை வீழ்த்துகிறது என்று வையுங்கள். சொந்த விகிதம் .8077 ஆக ஏறுகிறது. ஆனால் எதிரணிச் சராசரி .5815க்கு இறங்குகிறது. கூட்டினால் .6302. வென்றதற்குத் தண்டனை.

அதற்குப் பதிலாக 24 வெற்றி 1 தோல்வி வைத்திருக்கும் அணியிடம் தோற்றால்? சொந்த விகிதம் .7692. எதிரணிச் சராசரி .6138. மொத்தம் .6367. கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

மூன்றாவது உறுப்பை இரண்டு கணக்கிலும் அசையாமல் வைத்திருக்கிறேன். நிஜத்தில் அதுவும் சற்று நகரும், ஆனால் திசை மாறாது. பலவீனமான அணியை வெல்வதால் வரும் இழப்பு, பலமான அணியிடம் தோற்பதால் வரும் இழப்பைப் போல ஒன்பது மடங்கு. கான்பரன்ஸின் அடித்தட்டில் இரண்டு மூன்று அணிகள் மோசமாக இருந்தால் மேலே இருப்பவர்கள் கத்துவது இதனால்தான்.

14 நவம்பர்

"சரி, பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசையைப் பாருங்களேன்" என்கிறார் ஒருவர். பயிற்சியாளர்கள் சனிக்கிழமை இரவு தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்டு, பஸ்ஸிலோ விமானத்திலோ அடுத்த எதிரணியின் வீடியோவைப் பார்க்கிறவர்கள். நாட்டின் மறுகோடியில் யார் யாரை எப்படி வென்றார்கள் என்று அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நான் நம்பவில்லை. தோற்றால் இறக்கு, வென்றால் ஏற்று. அவ்வளவுதான் அந்தப் பட்டியல்.

புள்ளிகளை வைத்துக் கணக்கிடும் பாப்லோ தரவரிசையை நான் அதிகம் மதிக்கிறேன். 25-12க்கும் 27-25க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். ஆனால் இணைப்பு ஆட்டங்கள் குறைவு என்ற நோய்க்கு அதனிடமும் மருந்து இல்லை. கான்பரன்ஸ்களுக்கு இடையே ஆட்டமே இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் குருடுதான்.

அதற்கு 2020 பருவமே சாட்சி. கோவிட் காரணமாகப் போட்டி 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. 64க்குப் பதில் 48 அணிகள், எல்லாம் ஒமாஹாவில். பிக் டென் அந்த முறை தனக்குள்ளேயே ஆடியது. போட்டிக்கு முன் குழு கொடுக்கும் முதல் தரநிலை விஸ்கான்சினுக்கு. அரையிறுதிக்கு வந்தவர்கள் கென்டக்கி, வாஷிங்டன், டெக்ஸஸ், விஸ்கான்சின். நான்கு வெவ்வேறு கான்பரன்ஸ்கள். கோப்பை கென்டக்கிக்கு, அதன் கான்பரன்ஸான எஸ்.இ.சி.யின் முதல் பட்டம். அதற்கு முந்தைய வாரம் எஸ்.இ.சி.யைப் பற்றி இங்கே என்னென்ன எழுதினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. மேற்கோள் காட்டி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை.

18 நவம்பர்

கொஞ்சம் திசைமாறுகிறேன். ஏ.சி.சி.யின் ரசிகர் ஒருவர் "எங்களிடம் இப்போது ஒன்பது தேசியப் பட்டங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஒன்பதும் ஸ்டான்ஃபோர்டினுடையவை. கடைசியாக 2019இல் வென்றபோது ஸ்டான்ஃபோர்ட் பாக்-12 என்ற மேற்குக் கரை கான்பரன்ஸில் இருந்தது. ஏ.சி.சி. உறுப்பினராக இருந்துகொண்டு ஒரு அணிகூட இதுவரை இந்தக் கோப்பையைத் தூக்கியதில்லை. மருமகள் கொண்டுவந்த நகையை மாமியார் குடும்பச் சொத்தாகக் கணக்கெழுதக் கூடாது.

இந்தக் கோடையில் நடந்த கான்பரன்ஸ் மாற்றங்கள் அப்படிப்பட்டவை. யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஓரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கு. ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா, கூடவே எஸ்.எம்.யூ. ஏ.சி.சி.க்கு. டெக்ஸஸ், இரண்டு ஆண்டு தொடர் சாம்பியன், ஓக்லஹோமாவோடு எஸ்.இ.சி.க்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், கொலராடோ, யூட்டா பிக் 12க்கு. பாக்-12இல் மிச்சம் நின்ற வாஷிங்டன் ஸ்டேட்டும் ஓரிகன் ஸ்டேட்டும் கைப்பந்துக்காக மேற்குக் கடற்கரை கான்பரன்ஸில் ஒதுங்கியிருக்கின்றன. ஒரு கான்பரன்ஸ் காணாமல் போனதால், கான்பரன்ஸ் சாம்பியன்களுக்கான நேரடித் தகுதி 32இலிருந்து 31 ஆகிவிட்டது. குழு தேர்ந்தெடுக்கும் இடங்கள் 33.

1981இல் இந்தத் தேசியப் போட்டி தொடங்கியதிலிருந்து 1987 வரை கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் வெளியே பட்டம் போனதில்லை. 1988இல் டெக்ஸஸ்தான் அந்த வேலியைத் தாண்டியது. அப்படிப்பட்ட மேற்குக் கரை ஆட்டம் இன்று மூன்று நான்கு பெயர்ப் பலகைகளின் கீழ் சிதறிக் கிடக்கிறது. "பிக் டென் எவ்வளவு பலம்" என்று கேட்பதும், போன ஆண்டு கேட்டதும் ஒரே கேள்வி இல்லை.

18 நவம்பர், பின்குறிப்பு

நெப்ராஸ்காவின் ஐந்து பட்டங்களில் மூன்று பிக் டென்னுக்கு வருவதற்கு முன் வென்றவை என்று இருவர் உடனே நினைவூட்டியிருக்கிறார்கள். ஆமாம். 1995, 2000, 2006. அந்த மாமியாருக்கும் அதே விதிதான்.

23 நவம்பர்

இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு. "கான்பரன்ஸ் பலம்" என்று ஒரே எண்ணைத் தேடுவதே வீண். மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒரே சட்டைக்குள் நுழைந்திருக்கின்றன.

கோப்பையை யார் வெல்வார் என்பதற்கு உச்சியிலிருக்கும் இரண்டு மூன்று அணிகளை மட்டும் பார்த்தால் போதும். அங்கே இந்த ஆண்டு ஏ.சி.சி.க்கு ஒரு குறையும் இல்லை: பிட்ஸ்பர்க், லூயிவில், ஸ்டான்ஃபோர்ட், எஸ்.எம்.யூ. இந்தப் பருவத்தில் பிட்ஸ்பர்க்கைத் தோற்கடித்த ஒரே அணியும் எஸ்.எம்.யூ.தான். நெப்ராஸ்காவையும் பிட்ஸ்பர்க்கையும் ஒரே ஆண்டில் வீழ்த்திய அணியை ஓரத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

எத்தனை அணிகளுக்கு இடம் கிடைக்கும் என்பது நடுத்தட்டைப் பொறுத்தது. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் நிற்கும் அணிகள். உண்மையான சண்டை இங்கேதான், இங்கேதான் நான் இன்னும் பிக் டென் பக்கம். செவ்வாய், வெள்ளி, சனி என்று எந்த இரவிலும் அங்கே ஓய்வெடுக்கும் ஆட்டம் கிடைப்பது அரிது. ஒமாஹாவில் வேலை பார்த்த காலத்தில் நெப்ராஸ்கா அணியின் ஊரான லிங்கனுக்குக் கார் ஓட்டிப்போய், அதன் டெவேனி அரங்கில் டிக்கெட் கிடைத்த நாட்களில் பார்த்திருக்கிறேன். 2001இலிருந்து நெப்ராஸ்கா சொந்த ஊரில் ஆடும் வழக்கமான பருவ ஆட்டம் ஒன்றுக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. அந்த அரங்குக்கு வந்து மூன்று செட்டில் தோற்றுப்போகும் நடுத்தர அணியின் பிளாக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்: வேறு கான்பரன்ஸில் அந்த அணி முதல் மூன்றுக்குள் வரும். தொலைக்காட்சியில் ஸ்கோர் மட்டும்தான் தெரிகிறது.

அடித்தட்டு எதைத் தீர்மானிக்கிறது? மேலே போட்ட ஆர்.பி.ஐ. கணக்கை. ஆட்டத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

25 நவம்பர்

"பிக் டென்னின் நடுத்தட்டு பலம் என்பதும் உங்கள் கண் சொல்வதுதானே?" நியாயமான குத்து. ஆமாம், கண் சொல்வதுதான். உச்சியை வைத்து நடுவை எடைபோடாதீர்கள் என்று எழுதிவிட்டு, நான் நடுவை டெவேனி அரங்கின் நாற்காலியிலிருந்து எடைபோடுகிறேன். ஆனாலும் நடுத்தர அணிகளுக்கு இடையே செப்டம்பரில் நடந்த ஆட்டங்களை யாரும் பேசுவதே இல்லை. ஒரு கான்பரன்ஸின் எட்டாவது அணி இன்னொன்றின் எட்டாவது அணியோடு ஆடியதைத் தேடிப்பாருங்கள். மிகக் குறைவாகவே கிடைக்கும். பெரிய அணிகள் ஒன்றோடொன்று மோதத் தொலைக்காட்சி பணம் கொடுக்கிறது. எட்டாவது அணி தன் வாரயிறுதியை வெற்றி எண்ணிக்கைக்காகச் செலவழிக்கிறது.

இன்னொன்று. 18 அணிகள், 20 ஆட்டங்கள் என்றால் மூன்று எதிரிகளோடு இரண்டு முறை, மீதிப் பதினான்கோடு ஒரே ஒரு முறை. யாரோடு இரண்டு முறை, யாரை யார் ஊரில் என்பதில் அதிர்ஷ்டம் இருக்கிறது. கான்பரன்ஸுக்குள்ளேயே ஆறாவது இடத்தையும் ஒன்பதாவது இடத்தையும் நேராக ஒப்பிட முடியாதபோது, கான்பரன்ஸுக்குக் கான்பரன்ஸ் எட்டாவது இடத்தை ஒப்பிடுவது எப்படி? கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பெண்கள் கண்டத்தைக் கடந்து கிழக்குப் பக்கம் போய் ஆடுவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

27 நவம்பர்

சிறிய கான்பரன்ஸ்களை மறந்துவிட்டேன் என்று கிரைட்டன் ரசிகர் கோபிக்கிறார். ஒமாஹாவில் குடியிருந்தவன் கிரைட்டனை மறப்பேனா? பிக் ஈஸ்ட் என்ற சின்னப் பலகையின் கீழ் நின்றுகொண்டு, செப்டம்பரில் பெரிய அணிகளைத் தேடிப்போய் ஆடுகிற அணி அது. நெப்ராஸ்காவிடம் தோற்றது. ஆனால் ஆடியது. அப்படி ஆடினால்தான் ஆர்.பி.ஐ. அதன் பக்கம் திரும்பும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

2022இல் சான் டியேகோ மேற்குக் கடற்கரை கான்பரன்ஸிலிருந்து இறுதி நால்வருக்குள் வந்தது. 2014இல் பி.ஒய்.யூ. தரநிலையே இல்லாமல் இறுதி ஆட்டம் வரை போனது. கான்பரன்ஸின் சராசரியைப் பார்த்து இவர்களை எடைபோட்டவர்கள் அந்த டிசம்பர்களில் வாயடைத்துப் போனார்கள்.

29 நவம்பர், நள்ளிரவு

பென் ஸ்டேட் நெப்ராஸ்காவை 3-1 என்று வென்றுவிட்டது. பிக் டென் பட்டத்தில் அதற்கும் பங்கு. பென் ஸ்டேட்டின் பயிற்சியாளர் கேட்டி ஷூமாக்கர்-காலி புற்றுநோய் சிகிச்சை எடுத்துக்கொண்டே பக்கவாட்டில் நின்று அணியை நடத்துகிறார். ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கு வேறு எதுவும் எழுத மனமில்லை.

1 டிசம்பர்

தேசியப் போட்டிக்கான அணிகளை அறிவித்துவிட்டார்கள். போட்டியின் நான்கு பிரிவுகளுக்கும் ஒவ்வொன்றாக, நான்கு முதல் தரநிலைகள்: பிட்ஸ்பர்க், நெப்ராஸ்கா, பென் ஸ்டேட், லூயிவில். ஏ.சி.சி.க்கு இரண்டு, பிக் டென்னுக்கு இரண்டு. நம் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த குழுவினர் "ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொன்னது போல இருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் போட்டியே தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு சுற்றில் ஒரே கான்பரன்ஸ் அணிகள் மோதாமல் பார்த்துக்கொள்வார்கள், சரி. ஆனால் செலவைக் குறைக்க, தரநிலை இல்லாத அணிகளை முடிந்தவரை 400 மைலுக்குள் இருக்கும் அரங்குக்கே அனுப்புவார்கள். அதனால் தொடக்கச் சுற்றுகளில் பக்கத்து ஊர்க்காரர்களே திரும்பவும் மோதிக்கொள்வார்கள். முதல் 16 தரநிலை அணிகள் தங்கள் சொந்த அரங்கில் ஆடுகின்றன. சொந்த ஊரில் ஆறாயிரம் பேர் நடுவே ஆடி வெல்வதைக் கான்பரன்ஸ் பலம் என்று எழுத எனக்குக் கை வராது.

3 டிசம்பர்

ஒரு பழைய வேடிக்கை. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா கால்பந்து மைதானத்தில் 92,003 பேர் முன்னால் ஆடியது. எதிரணி ஒமாஹா பல்கலைக்கழகம். நேர் செட்கள். ஆர்.பி.ஐ.க்கு அது இன்னொரு ஆட்டம், அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டாயிரம் பேரைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் இல்லை.

15 டிசம்பர்

எட்டு அணிகள் மிஞ்சியபோது ஏ.சி.சி. மூன்று, பிக் டென் மூன்று, எஸ்.இ.சி. ஒன்று, பிக் ஈஸ்ட் ஒன்று. அந்த ஒன்று கிரைட்டன். மேலே கோபித்தவர் இப்போது என்ன எழுதினாலும் தாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் யார் யாரோடு ஆடினார்கள்? லூயிவில் ஸ்டான்ஃபோர்டை வீழ்த்தியது: ஏ.சி.சி.க்குள். நெப்ராஸ்கா விஸ்கான்சினை வீழ்த்தியது: பிக் டென்னுக்குள். ஏ.சி.சி.யும் பிக் டென்னும் நேருக்கு நேர் வருமென்று பார்த்தால், பிட்ஸ்பர்க் கென்டக்கியோடும் பென் ஸ்டேட் கிரைட்டனோடும் ஆடிவிட்டுப் போகின்றன. நான்கு முதல் தரநிலை அணிகளும் அரையிறுதியில்.

19 டிசம்பர், இரவு

இரண்டு அரையிறுதிகளும் உள் ஆட்டங்கள். லூயிவில் பிட்ஸ்பர்க்கை வீழ்த்தியது. பென் ஸ்டேட் முதல் இரண்டு செட்களை இழந்துவிட்டு, நான்காவதில் மேட்ச் பாயிண்டுகளைத் தடுத்து, நெப்ராஸ்காவை ஐந்தாவது செட்டில் வென்றது. இந்தப் பருவத்தில் நான் பார்த்த ஆட்டங்களில் இதற்கு இணை இல்லை. பிக் டென்னைப் பற்றி இதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு அணிகளும் அங்கிருந்தே வந்தவை. அந்த மேட்ச் பாயிண்டில் பந்து அந்தப்பக்கம் விழுந்திருந்தாலும் பிக் டென் அதே பிக் டென்தான்.

23 டிசம்பர்

பென் ஸ்டேட் 3-1 லூயிவில். எட்டாவது பட்டம். தலைமைப் பயிற்சியாளராக ஒரு பெண் இந்தக் கோப்பையை வெல்வது இதுவே முதல் முறை. 1981இலிருந்து இத்தனை காலம் எடுத்திருக்கிறது என்பதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்படட்டும்.

"அப்போ பிக் டென்தான் பலம், இழையை மூடுங்கள்" என்று காலையிலேயே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இல்லை. கடைசி எட்டு அணிகளுக்குப் பிறகு நடந்த ஏழு ஆட்டங்களில் ஏ.சி.சி.யும் பிக் டென்னும் மோதியது ஒரே ஒரு முறை, அதுவும் நேற்று. லூயிவில் நகரில், லூயிவிலுக்கு ஆதரவான கூட்டத்தின் நடுவே. அரையிறுதியில் காயப்பட்ட ஆனா டெபியர் லூயிவிலுக்காக ஆட முடியவில்லை. அவர் இல்லாத லூயிவிலைப் பென் ஸ்டேட் வென்றது பென் ஸ்டேட்டைப் பற்றிச் சொல்கிறது. பதினெட்டு அணிகளைப் பற்றிச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

நடுத்தட்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை, உங்களுடையதும் மாறியிருக்காது. அடுத்த ஆகஸ்டில் எட்டாவது அணிகள் எட்டாவது அணிகளோடு ஆடினால், ஆளுக்கொரு பட்டியலோடு இங்கேயே வாருங்கள்.